சிமெண்டுக்குக் கீழே

பட்டறையின் நடுவில் ஆளை விழுங்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. லாரியை மேலே நிறுத்திவிட்டு, மெக்கானிக் உள்ளே இறங்கி அடிப்பாகத்தைப் பார்ப்பார். பக்கத்துப் பட்டறையில் ஒருவர் இப்படியொரு பள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதும், இந்த மாதிரிப் பள்ளங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டறைக்காரி அந்த வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மகளின் பிரசவத்துக்குப் போனாள்.

தம்பி கெட்டவன் இல்லை. "இதோ ஆச்சு" என்பது அவன் வாயில் ஊறிப்போன சொல், அவ்வளவுதான். ஜல்லிக்காகக் காத்திருந்தான். அக்கா திரும்பும் நாள் வந்தது, ஜல்லி வரவில்லை. பள்ளத்தின் மேல் ப்ளைவுட் பலகையைப் போட்டு, விரல் கனத்துக்குச் சிமெண்டைப் பூசிவிட்டான். பிறகு பெயர்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

"பரவாயில்லையே, உனக்கும் பொறுப்பு வந்திடுச்சு" என்றாள் அக்கா.

அதைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஐந்து நாளாக, "ஈரம் காயட்டும்" என்று சொல்லியே வண்டிகளை ஒதுக்கி நிறுத்தினான்.

இன்று, பள்ளம் மூடப்பட்டதா என்று பார்க்க அதிகாரி வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். பள்ளம் முழுதும் நிரப்பப்பட்டது என்று அதில் இருந்தது. அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"வேலை செஞ்சது யாரு?"

"என் தம்பிதான் சார். சோத்துல தவிர வேற எதுலயும் என்னை ஏமாத்த மாட்டான்."

அதிகாரி சிரித்தார். "ஒரு வண்டியை ஏத்திக் காட்டுங்கம்மா, போதும்."

டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்தார். அக்கா அந்தச் சிமெண்டின் மேலேயே நின்று கைகாட்டினாள். "வாங்க அண்ணே, நேரா வாங்க."

அவள் காலடியில் பலகை முனகியது தம்பிக்கு மட்டும் கேட்டது. ஓடிப்போய் லாரியின் பக்கவாட்டில் அறைந்தான்.

"நிறுத்துங்க அண்ணே. அக்கா, அசையாதே."

"ஏன்டா?"

"கீழ ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"வெறும் பலகை. மேல பூசி வச்சேன்."

இன்ஜின் நின்றது. அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அதிகாரி காகிதத்தைப் பிரித்தார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னோடதுதான் சார்" என்றாள். குரல் பிசகவில்லை.

தம்பி கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. லாரியின் பின்கதவைப் பற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து ஓரத்துக்கு நகர்ந்தாள்.