எண்பத்து மூன்றுக்கு மேல்

அந்த மருத்துவமனையில் பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பாலம். வயர்லெஸ் போனில் பேசிக்கொண்டே அதைத் தாண்டும் நர்ஸ்களுக்குப் பாதியில் பேச்சு அறுந்துவிடும். இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு தனி நெட்வொர்க். அந்தப் பக்கம் போனதும் போனுக்குப் புது விலாசம் கிடைக்கும். பேச்சோ பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கும். இப்படிப் பிரித்து வைத்த புண்ணியவான் எப்போதோ வேலையை விட்டுப் போயாயிற்று. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். திட்டெல்லாம் இப்போதிருக்கும் நெட்வொர்க் ஆளுக்கு.

எங்கே அறுகிறது என்று பார்க்க, இவர் போனோடு நடக்கும்போது மறுமுனையில் ஒருவர் விடாமல் எண்ண வேண்டும். கூட வேலை பார்த்த இருவரையும் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வெளியூரில் இருந்த மகளைப் போனில் கூப்பிட்டார். அம்மா போனதிலிருந்து அப்பாவிடம் "ம்" தவிர வேறு பேசாதவள். வேலை என்றதும் மறுக்கவில்லை.

ஞாயிறுதோறும் எண்ணினாள். எண்பத்து மூன்றில் அறுந்துவிடும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, வெறும் எண்கள். அந்தக் குரலுக்காக மனுஷர் சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். போனில் சட்டை தெரியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

போன் எங்கே போனாலும் பழைய விலாசத்தையே வைத்துக்கொள்ளும்படி செட்டிங்கை மாற்றினால் போதும். அரை மணி வேலை. மூன்றாம் வாரமே கண்டுபிடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆறாம் வாரம், ஒரு நர்ஸ் பாலத்தில் நின்று அறுந்த போனில் "டாக்டர், டாக்டர்" என்று கத்துவதைப் பார்த்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இவருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே மாற்றினார்.

அடுத்த ஞாயிறு எண்பத்து மூன்று வந்தது, எண்பத்து நாலும் வந்தது. புதுக் கட்டடத்தின் கடைசிச் சுவர்வரை நடந்தாயிற்று. நிறுத்தச் சொல்ல மனசில்லாமல் அங்கேயே நின்றார். இருநூற்றுப் பத்தில் அவளே நிறுத்தினாள்.

"இன்னும் கட் ஆகலையாப்பா?"

"இல்லம்மா."

"அப்போ சரியாயிடுச்சா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "ஆயிடுச்சும்மா."

"அப்போ அடுத்த வாரம் நான் வேணாம்ல?"

"எண்ணுறதுக்கு வேணாம்மா" என்றார். இஸ்திரி கலையாத சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"சரிப்பா. வச்சிடவா?"

"வைம்மா."

இத்தனை வாரமும் பாலத்தைக் குறை சொல்ல முடிந்தது. இன்றைக்கு அவள்தான் வைத்தாள்.