மானிட்டர் வேண்டாம்

வானொலிக்குத் துப்பறியும் நாடகம் எழுதுகிறவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்து ஆண்டுகளாக அவளுக்கு எல்லாவற்றையும் படித்துச் சொன்ன கணினி ஒரு நாள் காலையில், "இந்த இயங்குதளத்துக்கு இனிப் புதுப்பிப்புகள் கிடையாது" என்று தன் இரங்கல் செய்தியைத் தானே வாசித்துவிட்டது. ஒரே வீட்டில் இருக்கும் அக்கா வேலைக்குப் போயிருந்ததால், அத்தான் கடைக்குத் துணை வந்தார்.

விற்பனையாளர் அத்தானைப் பார்த்தே பேசினார். "மேடத்துக்கு எந்த மாதிரி வேணும் சார்?"

"அத்தான், எனக்குக் காது நல்லாவே கேக்கும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

தடுமாறிப்போனவர் மூன்று கணினிகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் வெவ்வேறு இயங்குதளம். முதலாவதின் வண்ணங்களைப் புகழத் தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க. என்ன கலர்?"

"நீலம்... மேடம்."

"எனக்கு எடுப்பா இருக்குமா?"

கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள். "மூணையும் புதுசு மாதிரி முதல்லேருந்து ஆரம்பிங்க. ஸ்கிரீனை அணைச்சிடுங்க. யாரும் உதவக் கூடாது. எது எனக்கு வழி சொல்லுதோ, அதுதான் என்னோட வீட்டுக்கு வரும்."

முதலாவது கல்லுளிமங்கன் போல உட்கார்ந்திருந்தது. திரையைப் போட்டுப் பார்த்தால், ஏதோ ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்டு நின்றிருந்தது.

"அங்க ஒரு கிளிக் பண்ணிட்டா, அப்புறம் பேசும் மேடம்."

"அந்த ஒரு கிளிக்குக்காக உங்களையும் கூட்டிட்டுப் போகணுமா?"

இரண்டாவது தேன் குரலில் உடனே பேசியது. ஆனால் பென் டிரைவில் அவள் கொண்டுவந்திருந்த தமிழ் நாடகத்தைத் திறந்ததும், "கமா... கேள்விக்குறி... ஆச்சரியக்குறி" என்று மட்டும் வாசித்தது. எழுத்துகளை அப்படியே விழுங்கிவிட்டது.

"கொலையைப் பார்த்த சாட்சி கூட இதைவிட அதிகமா பேசும்," என்றாள்.

மூன்றாவது, தன்னார்வலர்கள் கூடிச் செய்த இலவச இயங்குதளம். சளி பிடித்த குரல். நடுவில் ஒரு தடவை உறைந்தும் போனது. அவளே தட்டி எழுப்பினாள். ஆனால் தொடக்கத்திலிருந்தே பேசியது, தமிழையும் படித்தது. அவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, பேச்சு கடுகு பொரிகிற சத்தமாக மாறியது.

"ஐயோ மேடம், கெட்டுப்போச்சு!"

"இல்லையே, மூணாவது காட்சி முடிஞ்சுது. இதையே குடுங்க. மானிட்டர் மட்டும் வேண்டாம்."

"மானிட்டர் இல்லாமயா?" விற்பனையாளரைவிட அத்தான்தான் அதிகம் பதறினார். "எதுக்கும் இருக்கட்டுமே. அவசரத்துக்கு நான் பாத்துக்குவேன்."

"நீங்க பாக்கறதாலதான் வேண்டாங்கறேன். நாடகம் ஒலிபரப்பாகறதுக்கு முன்னாடியே கொலைகாரன் யாருன்னு அக்காவுக்கு எப்படித் தெரியுது? நான் டைப் அடிக்கும்போது, பின்னாடி ஒருத்தர் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது எனக்குக் கேக்காதா?"

அத்தான் அசடு வழிந்தார். விற்பனையாளர் மிகுந்த அக்கறையோடு வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

முதல் வாரம் அவளுக்குப் பெரும்பாடு. புது விசைகள் கைக்கு அடங்கவில்லை. ஒரு காட்சியை இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினாள். அத்தான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும், கடுகு பொரிவதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவை யாரும்மா கொலைகாரன்? டாக்டரா?"

"அது ரேடியோவுல வரும். செத்தது யாருன்னு வேணும்னா சொல்றேன்."

"யாரு?"

"மச்சினி எழுதறதை எட்டி எட்டிப் பாக்கற ஒரு அத்தான். முதல் காட்சியிலேயே போயிடறார்."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.