லிஃப்ட்காரரின் ஆங்கிலம்

1

இந்தக் கதை எனக்கு மாலைநேர ஆங்கில வகுப்பில் கிடைத்தது. படிக்கப் போகவில்லை, அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும். (என் கைபேசி ஒரு வாரம் என்னோடு ஆங்கிலம் பேசிப் பார்த்துவிட்டு, மனமிரங்கித் தானே தமிழுக்கு மாறிக்கொண்டது.)

"மொபைல்ல இங்கிலீஷ் கத்துக்கிறதப் பத்தி ஆளாளுக்கு என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"தப்பாப் பேசினா எங்க வீட்டு ஆளுங்க மாதிரி சிரிக்காது டீச்சர்" என்றார் தையல்கார அக்கா.

"பாடத்தைத் திறந்தா விரல் தானா சினிமாவுக்குப் போயிடுது" என்றார் பேக்கரிக்காரர்.

லிஃப்ட்காரர் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி, யாருக்கும் அஞ்சாத...

[இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பிறகு எழுப்புகிறேன்.]

2

அவர் ஓர் ஓட்டலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாடிக்கு மாடி கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. ஆங்கிலப் பாடத்தில் அவர் எதைச் சொன்னாலும் கைபேசி, "மறுபடி சொல்லுங்கள்" என்றது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, பொறுக்கமாட்டாமல் அதே வாக்கியத்தைச் சொன்னாள். டிங்! அவர் பெயரைச் சொல்லி, "அருமை!" என்றது.

அதிலிருந்து பாடம் வந்தால் கைபேசியை அவள் பக்கம் நீட்டுவார்.

"படிக்கிறது நீங்களா, நானா?"

"நான்தான். நீ வாய மட்டும் குடு."

கைபேசிப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவருக்கு. அவளோ பொங்கிய பாலை ஆங்கிலத்தில் அதட்டினாள், பால் அடங்கியது. (இது அவரே சொன்னது. நான் கூட்டவில்லை.)

3

ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவைப்பட்டது.

"வீட்ல யாராச்சும் இங்கிலீஷ் பேசுவாங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

அவளைக் கூட்டிப்போனால், கைபேசியின் அத்தனை 'டிங்'கும் யாருக்காக அடித்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"யாரும் இல்ல சார்."

முதல் வரைவில் வியாழனன்று அவரை உண்மை சொல்லவைத்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்த வரைவில் மேனேஜரோடு லிஃப்டில் அடைத்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். மழை வருமா என்று பேசிக்கொண்டு நின்றார். வெள்ளி கடந்தது. வேலை வேறொருத்திக்குப் போனது.

4

டீச்சர் கேட்ட அந்த வகுப்பு நடந்தது அதற்கு அடுத்த திங்கள். இப்போது எழுப்பலாம்.

"மொபைல்ல நல்லாவே கத்துக்கலாம் டீச்சர். யார் கத்துக்கிட்டாங்கன்னுதான் அதுக்குத் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

5

முடிவு ஒன்று: வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார், அவள் மன்னிக்கிறாள். (திகட்டுகிறது.)

முடிவு இரண்டு: அவள் கைபேசியைச் சுவரில் அடிக்கிறாள். (பாவம், அது என்ன செய்தது?)

எனக்குத் தோன்றுவது இதுதான். கதவைத் திறந்தவள் கேட்கிறாள்:

"ஏங்க, உங்க ஓட்டல்ல வரவேற்புல உக்கார ஆள் எடுப்பாங்களா? இப்பத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கு. கேட்டுப் பாருங்களேன்."

பதில் வருவதற்குள் அவர் பையிலிருந்து கைபேசியை எடுத்து, அன்றைய பாடத்தைச் சொல்லிவிடுகிறாள். டிங். அவர் பெயர். "அருமை!"

அடுத்த வாக்கியத்துக்காகக் கைபேசி காத்திருக்கிறது. அவர் சொல்லிவிடுகிறார், தமிழில்தான், மேனேஜர் கேட்டதிலிருந்து முழுவதையும். ஆனால் அந்தத் தொண்டையில், அவ்வளவு தாழ்வாக. அவள் காதில் விழவில்லை.

"மறுபடி சொல்லுங்கள்" என்கிறது கைபேசி.

அவள் அவர் முகத்தைப் பார்க்கிறாள். அவர்

[இதற்குமேல் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறார். உங்கள் பேச்சைக் கேட்கிறாரா, பாருங்கள்.]