இரண்டு தரத்துக்கும் மூன்று தரத்துக்கும் நடுவே

ஒலிபெருக்கி திடீரென்று "கொக்கரக்கோ" என்று அலறியது.

திருவிழாப் பூசை முடிந்து, பந்தலில் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பங்கு மக்கள் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தார்கள். சேவல் இருந்த கூடைக்குப் பக்கத்தில் யாரோ மைக்கை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எண்பத்து நான்காம் வருஷத்து ஏலத்தைச் சேவலே தொடங்கி வைத்துவிட்டது.

அற்புதராஜ் மைக்கைப் பிடுங்கி ஃபாதரிடம் கொடுத்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்தக் கோயிலில் ஏலம் என்றால் அவர்தான். இன்னொருவர் கையில் அந்தச் சுத்தியலை யாரும் கற்பனைகூடச் செய்து பார்த்ததில்லை.

அதுதான் இப்போது அவருக்குக் கவலை. கற்பனை செய்ய ஆரம்பித்துவிடுவார்களோ என்ற கவலை.

இந்த வருஷம் ஏலப் பணம் ஜோசபினின் நடன வகுப்புக்குப் போகிறது. லண்டனில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்த ஜோசபின், நரம்பு நோய்க்காரர்களைக் கோயில் மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் கூட்டி, ஜோகெட் என்ற மலாய் ஆட்டத்தின் கேசட்டைப் போட்டு ஆடச் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கவாதம் வந்தவர்கள் இருந்தார்கள், பார்க்கின்சன் வந்தவர்கள் இருந்தார்கள். பார்க்கின்சன் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. சிலருக்குக் கை ஆடும், சிலருக்கு உடம்பே நின்றுபோகும். தாளம் கேட்டால் இரண்டுக்கும் கொஞ்சம் வழி பிறக்கிறது. ஆனால் அழைத்து வர வேன் இல்லாததால் பாதிப் பேர் வீட்டோடு கிடந்தார்கள். அந்த வேனுக்குத்தான் ஏலம்.

அற்புதராஜ் வகுப்பின் செயலாளர் என்று ஊருக்கே தெரியும். செயலாளரும் வரிசையில் நின்று ஆடுகிறார் என்பது வகுப்புக்குள் இருந்தவர்களுக்கும் அவர் மனைவி பிலோமினம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்கு நடுக்கம் கிடையாது. எதிர்பாராத நேரத்தில், சாவி தீர்ந்த கடிகாரம் போல நின்றுவிடுவார். கால் ஒட்டிக்கொள்ளும், கை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும், வாய் திறக்காது. விஷயம் வெளியே தெரிந்தால் ஆளாளுக்கு "ஐயோ பாவம்" சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, சுத்தியலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். "ஐயோ பாவம்" கேட்பதற்குப் பதில் அவர் மாரடைப்பையே ஏற்றுக்கொள்வார்.

"இந்த வருஷம் வேற யாரையாவது போடச் சொல்லுங்க. மேடையில நின்னுட்டீங்கன்னா?" என்று பிலோமினம்மாள் காலையில்கூடக் கேட்டாள்.

"ஏலம் போடுறவன் நின்னுதான் போடணும், உக்காந்தா போடுவான்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் பூசணிக்காய் வந்தது. கேட்பவர்கள் கத்தக் கூடாது, ரோஜா நிறக் கூப்பனை ஆட்டினால் போதும், ஓர் ஆட்டத்துக்கு விலை ஐந்து வெள்ளி ஏறும். இது அற்புதராஜ் கொண்டுவந்த சட்டம். முன்பு ஒரு வருஷம் ஒரு பலாப்பழத்துக்காக இரண்டு சம்பந்திகள் கத்திக்கொண்டதில் கல்யாணமே நிற்கப் பார்த்தது. இப்போது கூப்பன் ஆட ஆட ஃபாதர் மைக்கில் விலை சொல்வார். தரம் சொல்லி அடிப்பது அற்புதராஜ்.

"ஒரு தரம், ரெண்டு தரம்..."

நின்றுவிட்டார். சுத்தியல் காதுக்கு மேலே, வாய் பாதி திறந்தபடி. அவர் பார்வை கூட்டத்தில் இருந்த ஜார்ஜ் என்பவர் மீது நிலைகுத்தி நின்றது, ஜார்ஜ் நெளிந்தார்.

"என்னையே முறைக்கிறாரு. பூசணிக்கா இந்த விலைக்குப் போறது அவமானம்ங்கிறாரு போல" என்று முணுமுணுத்துக் கூப்பனை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவருக்கு ரோஷம் வந்து அவரும் ஆட்டினார். கை தானாக இறங்கி "மூணு தரம்" விழுந்தபோது, ஜார்ஜ் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு மூட்டைப் பூசணிக்காய் வாங்கியிருக்கலாம்.

"அண்ணன் கில்லாடி லா. ரெண்டாம் தரத்துல நிறுத்தி ஊறப்போடுறாரு" என்றது பின்வரிசை.

அற்புதராஜ் மறுக்கவில்லை. அடுத்து வந்த கேக்குக்கும் அதே இடத்தில் நின்றார், விலை அதே மாதிரி ஏறியது. நோய்க்கே சாமர்த்தியம் என்று பெயர் வந்துவிட்ட பிறகு என்ன பயம்? கடைசியாகச் சேவலைத் தூக்கி மேசைமேல் வைக்கும்போது மீசையைக்கூட ஒரு தடவை தடவிக்கொண்டார்.

சேவலைக் கொடுத்தவர் சிராங்கூன் சாலை மளிகைக்கடை காதர் மைதீன். கடைக்குப் பின்னால் அதைச் செல்லமாக வளர்த்தவள் அவர் மனைவி சம்சுன்னிசா. பக்கவாதத்தில் வலது பக்கம் சோர்ந்து, இடது கையில் தடியோடு ஜோசபின் வகுப்புக்கு வருபவள். அவள் ஈசூனில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, விடியற்காலைக் கூவலில் இருந்து தப்பிக்க மனிதர் சேவலைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். அவள் நேற்றுத் திரும்பி வந்தாள்.

"இங்க பாருங்க, சேவல் இல்லாம நீங்க வீட்டுக்கு வராதீங்க, கடையிலேயே படுத்துக்குங்க" என்று முன்வரிசையில் வைத்தே சொன்னாள்.

காதர் மைதீன் சொந்தச் சேவலுக்குக் கூப்பனை ஆட்டினார். யாரும் போட்டிக்கு வரவில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்..." அற்புதராஜின் கை மேலே போய் நின்றது.

அப்போதுதான் எதிர்வரிசையில் சவரிராஜின் கூப்பன் ஆடியது.

சவரிராஜ் பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடிப்பார் என்று பெயர். கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்கால்மேல் கூப்பன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்துவிட்டான், என்று நினைத்தார் அற்புதராஜ். எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று பார்க்கிறான்.

"சவரிராஜ் ஐம்பது. காதர் பாய் ஐம்பத்தஞ்சு. சவரிராஜ் அறுபது" என்று ஃபாதர் மூச்சு வாங்கினார். காதர் மைதீன் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஆட்டினார். மறுவிநாடியே சவரிராஜின் கூப்பன் பதில் சொன்னது. விலை நூறைத் தாண்டியது. ஆடு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த பந்தல் மெல்லச் சிரிப்பதை நிறுத்தியது. மேடையில் மனிதர் நிற்பது கொஞ்சம் அதிகமாகப்படவே, பிலோமினம்மாள் எழுந்துவிட்டாள்.

அற்புதராஜுக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. கை மட்டும் வேறு யாருடையதோ போல மேலே நின்றது.

சம்சுன்னிசா அவர் கண்ணைப் பார்த்தாள். வியாழக்கிழமைகளில் பார்த்துப் பழகிய கண். சேவலைப் பார்த்தாள். பிறகு தடியைத் தூக்கி, நாற்காலியின் இரும்புக் காலில் ஜோகெட் தாளத்தைத் தட்டினாள். வகுப்புக்காரர்கள் புரிந்துகொண்டு கால் தட்டினார்கள். பின்னால் இருந்து ஜோசபின் கை தட்டினாள்.

தாளம் மேடை ஏறியது. முதலில் அவர் குதிகால் அசைந்தது, பிறகு தோள். "மூணு தரம்" என்ற சத்தத்தோடு சுத்தியல் இறங்கியது. கால்கள் அதோடு விடாமல் பலகைமேல் ஜோகெட் அடி இரண்டு வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தன.

கடைசியாக ஆடியிருந்தது சவரிராஜின் கூப்பன். காதர் மைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அற்புதராஜ், உங்களுக்குமா?" என்றார் ஃபாதர். மைக்கைத் தள்ளிப் பிடிக்க மறந்துவிட்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. "ஆமா ஃபாதர். செயலாளர் வேலை சும்மா பேருக்கு. வகுப்புக்கு நானும் ஆடத்தான் போறேன்" என்றார் அற்புதராஜ். சொல்லிவிட்டு, "ஐயோ பாவம்" வரும் திசையைப் பார்த்து நின்றார்.

வந்தது ஜார்ஜின் குரல். "அப்ப பூசணிக்காய்க்கு நீங்க ஊறப்போடலையா? நான்தான் ஏமாந்து குடுத்தேனா?"

"குடுத்தது குடுத்ததுதான் லா" என்றாள் பிலோமினம்மாள். பந்தல் சிரித்ததில் கூடாரத் துணி ஆடியது. அடுத்த வருஷமும் இவரே போடட்டும், வேறு யார் போட்டாலும் பூசணி இந்த விலைக்குப் போகாது என்று பின்வரிசை தீர்மானம் நிறைவேற்றியது. அற்புதராஜ் சுத்தியலை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது சவரிராஜ் மேடைப் பக்கம் வந்தார். சேவலை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் அப்போதும் கல்தான்.

"வாய்யா. உனக்கு இப்ப திருப்தியா?" என்றார் அற்புதராஜ். "நான் நிக்கிறதை வேடிக்கை பாக்கத்தானே அவ்வளவு விலை கேட்டே?"

சவரிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். சேவலை அவரிடம் நீட்டினார்.

"இதை அந்தம்மாகிட்டயே குடுத்துடு. நான் ஒரு தடவைகூடக் கேக்கலப்பா, கூப்பன் தானா ஆடுச்சு. வியாழக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு?"