டிரோன் ஏன் வட்டமடித்தது

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் பின்சிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வெளியே சொல்ல முடியாத சந்தோஷம் அது. கல்யாணமாகி வந்த மாதமே மிக்ஸியைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பி, மாமனார் ஏசுரத்தினத்தைப் பதற வைத்தவள். சாயங்காலத்துக்குள் மிக்ஸி ஓடியது. ஒரு திருகாணி மட்டும் மிச்சமாகிவிட்டது. அது இல்லாமலே ஆறு வருஷமாக சட்னி அரைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கணவன் ஷிஜுவின் டிரோன் சாக்குப் பையில் வீடு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. ஷிஜு பையைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனவன், கால் மணி நேரம் குழாயடியிலேயே நின்றான்.

நடந்ததை ஊரே பார்த்திருந்தது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தின் நடுவில் இருக்கிற அவர்கள் கோயிலில் அன்று தேர்ப்பவனி. கல்யாணம், காதுகுத்துக்கு வீடியோ எடுக்கிற ஷிஜு, ஊர்த் திருவிழா என்பதால் தானே முன்வந்து டிரோனைக் கொண்டுபோயிருந்தான். கிளப்பும் முன் திசையைச் சரிபார்க்கச் சொல்லி, டிரோனோடு இணைத்திருந்த போன் கேட்டது. வழக்கம்போல டிரோனைக் கையில் பிடித்து ஒரு சுற்று சுற்றினான். திருஷ்டி கழிக்கிறான் என்று இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அது நன்றாகத்தான் ஏறியது. தேருக்கு மேலே நின்றது. பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, வட்டமடிக்கத் தொடங்கியது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி ஏலச்செடிக்குள் விழுந்தது. யார்மேலும் விழாதது புண்ணியம். கூட்டத்தில் ஒருவர், கை தடுமாறிவிட்டது போல என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஏனென்றால் அந்த வீட்டில் கை என்றால் ஒரு கதை உண்டு. ஏசுரத்தினம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். மழையில் அவர் ஏற்றாத மேடு இல்லை. நாற்பது வயதில் கியரைப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு டீ டம்ளர் நடுங்கியது. ஒருநாள் சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் ஒருவர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். ஷிஜுவுக்கு இப்போது முப்பத்தெட்டு.

திங்கட்கிழமை காலையில் டீ ஊற்றும்போது, அரை டம்ளர் போதும் என்றான். செவ்வாய்க்கிழமையும் அரை டம்ளர். விளிம்பு வரை நிறைந்த டம்ளரை எடுக்க அவன் பயப்படுகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

டிரோனைச் சரிசெய்து, கம்பம் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜோமோனிடம் கொடுத்துவிடுவதாக அவன் முடிவு செய்திருந்தான். இனிமேல் கல்யாணத்தில் கீழே நின்று ஃபோட்டோ எடுத்தால் போதுமாம்.

"என் கைதான் பின்சி. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு" என்றான்.

"ஏங்க, கை நடுங்குனா டிரோனும் நடுங்கணும்ல? அது ஏன் வட்டம் போட்டுச்சு?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. மெமரி கார்டை எடுத்துப் போனில் போட்டு, விழுவதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தை ஏழு தடவை பார்த்தாள். குலுக்கலே இல்லை. வாளியில் கரண்டி விட்டுக் கலக்கினது போல வழவழவென்று ஒரே சுற்று. கை நடுங்கினவன் போட்ட வட்டமாக அது தெரியவில்லை.

வேலை ஆரம்பமானது. பின்சி பகலில் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிப்பவள். பச்சை நிறத்தில் ஒரு மாற்றுக் குறைந்தாலும் விரலே கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். அந்த விரல்களுக்கு இந்தத் திருகாணிகள் பெரிய விஷயமில்லை. சாயங்காலம் வீடு வந்ததும் சமையல் மேஜையில் பழைய வேட்டியை விரித்து, டிரோனைக் குப்புறப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஏசுரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆபரேஷன் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

முதல் நாளே, ஷிஜு மண்ணைத் துடைக்கத் துணி எடுக்கப் போன நேரத்தில், பின்சி ஒரு காரியம் செய்தாள். டிரோனின் காலில், உள்பக்கமாக, வெள்ளை டேப் போட்டு மறைத்து ஒரு அந்தோனியார் இருந்தார். கட்டைவிரல் அளவு வில்லை. திருவிழாக் கடையில் ஜீப் டேஷ்போர்டில் வைப்பதற்கென்று விற்கிறார்களே, அதுதான். அந்த ஊரில் ஓடுகிற வண்டி எதுவானாலும் ஃபாதரிடம் கொண்டுபோய் மந்திரித்து, ஒரு புனிதரை உள்ளே உட்கார வைத்த பிறகுதான் மேடு ஏற்றுவார்கள். டிரோனும் பறக்கிற வண்டிதானே என்பது பின்சியின் வாதம். டிரோனைத் தூக்கிக்கொண்டு போய் மந்திரிக்க நின்றால் ஊர் சிரிக்கும் என்று ஷிஜு மறுத்துவிட்டான். அவள் விடுவாளா? திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நவநாள் ஜெபம் முடிந்து வந்ததும், அவனுக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டாள்.

இப்போது டேப்பின் ஒரு பக்கம் பிய்ந்து, அந்தோனியார் காலைச் சுற்றி வந்து பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். காப்பாற்றச் சொல்லி அனுப்பினால் இப்படியா என்று அவள் மனசுக்குள் கொஞ்சம் கோபித்துக்கொண்டு, அவரை நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாவம், மரத்தில் மோதினால் அவர் மட்டும் என்ன செய்வார் என்றும் தோன்றியது.

அடுத்த நாள் ஒரு திருகாணி மேஜையிலிருந்து உருண்டு காணாமல் போனது. எள்ளு அளவு திருகாணி. மூன்று பேரும் தரையில் தவழ்ந்தார்கள். பின்சி பையிலிருந்து அந்தோனியாரை எடுத்துத் தரையோடு தடவினாள். டக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்பது சும்மாவா என்றார் ஏசுரத்தினம். ஸ்டோர் ஜீப்புக்கு வாங்கி மிச்சமிருந்தது என்று பின்சி ஷிஜுவிடம் வாய் கூசாமல் சொன்னாள். அன்று முதல் எவர்சில்வர் தட்டில் அந்தோனியாரும், அவரைச் சுற்றி எல்லாத் திருகாணிகளும்.

உடைந்த மேல்மூடியை அவளே ஒட்டினாள். பசை விட்டு, அதன்மேல் ஆப்பசோடாவைத் தூவினால் கல் மாதிரி இறுகிவிடும். இது ஸ்டோரில் டிரே உடைந்தபோது கற்றுக்கொண்டது. கேமராவுக்குப் போகும் நாடா போன்ற ஒயர் கிழிந்திருந்தது. ஜோமோன் தன்னிடம் செத்துக் கிடந்த இதே மாதிரி டிரோன் ஒன்றிலிருந்து அதைக் கழற்றி, கம்பத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். அதை உள்ளே மடித்து நுழைக்க இரண்டு சாயங்காலம் ஆனது. நான்கு விசிறிகளில் எது வலச்சுற்று, எது இடச்சுற்று என்று பிரிப்பதில் ஒருநாள் தப்புப் பண்ணிவிட்டு, அவளே சிரித்துக்கொண்டு மாற்றினாள்.

மோட்டார் ஒயரை ஈயம் உருக்கிப் பற்ற வைக்கிற அன்றுதான் மனசு கனத்துப்போனது. ஷிஜு சூட்டுக்கோலைப் பிடித்தான். நுனி நடுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான், இன்னும் நடுங்கியது. இவ்வளவு சின்ன ஒயர் என்றால் யார் கையும்தான் நடுங்கும் என்று பின்சி சொன்னாள். அவன் கோலை அவளிடம் நீட்டினான். அவள் யோசிக்காமல் வாங்கி, ஒரே தொடலில் பற்ற வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏசுரத்தினம் மகனின் கையைப் பார்த்தார். தன் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டார்.

டிரோன் விழுந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை, எல்லாம் மாட்டி முடிந்தது. ஷிஜு ஜோமோனுக்குப் போன் பண்ண வாசலுக்குப் போயிருந்தான். பின்சி பேட்டரியைப் போட்டாள். விளக்கு எரிந்தது. கேமரா தலையை ஆட்டி நிமிர்ந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனில் வரைபடம் தெரிந்தது. டிரோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டுகிற சிவப்பு அம்பும் தெரிந்தது. டிரோன் ஜன்னலைப் பார்த்து நின்றது. அம்பு அடுப்பைக் காட்டியது.

தப்பாக மாட்டிவிட்டோமோ என்று குனிந்து பார்க்க, திருகாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். அம்பு ஜன்னல் பக்கம் திரும்பியது.

தட்டை மறுபடி டிரோனின் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அம்பு அடுப்புக்குப் போனது. இழுத்தாள்; ஜன்னல். தள்ளினாள், அடுப்பு. தட்டை மட்டும் காலி செய்து வைத்துப் பார்த்தாள், அம்பு அசையவில்லை. கரண்டியை வைத்தாள், டம்ளரை வைத்தாள், அசையவில்லை. அந்தோனியாரை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, ஒட்டியிருந்த அதே காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்பு சுற்றியது. அவரைக் காலைச் சுற்றி மெதுவாக நகர்த்த நகர்த்த, அதுவும் கூடவே சுற்றியது.

வில்லைக்குப் பின்னால் காந்தம். டிரோனின் திசைகாட்டி அந்தக் காலுக்குள் இருக்கிறது. திருவிழாவன்று ஷிஜு கையில் பிடித்துச் சுற்றியபோது, அது காந்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, சரி என்று ஏறியிருக்கிறது. மேலே காற்றில் டேப் பிய்ந்து அந்தோனியார் நகர்ந்ததும், வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல் வட்டம் போட்டிருக்கிறது.

கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடியில், டிரோனைக் கீழே தள்ளிவிட்டது தன் கைதான் என்று உறைத்தது. எட்டு நாள் அந்த மனுஷன் அரை டம்ளர் டீ குடித்தது தன்னால். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படியும் ஒரு நினைப்பு வந்து போனது, பொய் சொல்வானேன். ஆனால் வாசலில் ஷிஜு, நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளும்படி ஜோமோனிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"ஏங்க, போனை வைங்க. இங்க வாங்க" என்றாள்.

அவன் வந்தான். அவள் எதுவும் விளக்காமல் அந்தோனியாரைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். அம்பு சுற்றுவதை அவன் பார்த்தான். பிறகு, எந்தச் செவ்வாய்க்கிழமை, எந்த டேப், எங்கே ஒட்டினாள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். திட்டுவான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

ஷிஜு அந்தோனியாரை வாங்கி, தானே ஒரு தடவை காலைச் சுற்றி நகர்த்திப் பார்த்தான்.

"அப்போ என் கை இல்லியா?"

"இல்லங்க."

"நெசமா என் கை இல்லியா பின்சி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

டிரோனை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏசுரத்தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஷிஜு திசையைப் புதிதாகச் சரிபார்த்துக் கிளப்பினான். ஆளுயரத்துக்கு ஏறி அது நின்றது. அப்படி இப்படி அசையாமல் நின்றது. பின்சி வாயைத் திறந்து டிரோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுரத்தினம் மட்டும் அதைப் பார்க்கவே இல்லை. ரிமோட்டின் மேலிருந்த மகனின் இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தார். பார்த்து முடித்ததும் திரும்பி உள்ளே போய்விட்டார்.

டிரோனை இறக்கிவிட்டு ஷிஜு சமையலறைக்கு வந்தான். டிரோனைக் கொடுக்கவில்லை என்று ஜோமோனுக்குச் சொல்லிவிடணும் என்றான். பின்சி அந்தோனியாரை கேஸ் சிலிண்டரில் ஒட்டிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ கொதித்தது. பழக்கத்தில் அவன் டம்ளரில் பாதி ஊற்றி நிறுத்தினாள்.

"நெறய ஊத்து" என்றான் ஷிஜு.