சங்கிலி கைமாறினால்

நாய்ப் போட்டி என்றால் நாய்க்குத்தானே மார்க் போடவேண்டும்? அதில்லை என்றான் என் தம்பி லியோனார்ட்.

"அக்கா, இது பிள்ளைங்களுக்கு உள்ள போட்டிலா. நாய் அழகா இருக்கா இல்லையான்னு நீதிபதி பாக்க மாட்டான். பிள்ளை அதை எப்படி நடத்துது, எப்படி நிப்பாட்டுது, அதைத்தான் பாப்பான். நம்ம ரெஜினாவை விட்டா யாரு இருக்கா?"

அவன் ஈப்போவில் வேலை பார்க்கிறவன். டவுனுக்குப் போனதிலிருந்து அவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை. என் மகளும் கூடச் சேர்ந்துகொண்டு தலையை ஆட்டினாள். பதினான்கு வயதுப் பிள்ளை, ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாதவள், இதைக் கேட்கிறாளே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். எழுபத்தெட்டாம் வருஷம் அது.

மேஜர் எங்கள் அல்சேஷன் நாய். எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்துவிடம் குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபிறகு அவருக்குத் தோட்டத்தைக் காக்கிற ஜாகா வேலை. காவலுக்கு நாய் வேண்டும். ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அப்போது நாய்த் திருடர்கள் தொல்லை. முன்னால் இருந்த நாயைச் சங்கிலியோடு இழுத்துப் போய்விட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். அந்தக் கோபத்தில் இவர் மேஜரை ஒரு தினுசாகப் பழக்கினார். கூட வேலை செய்யும் சன்னாசியின் கையில் கோணிச்சாக்கைச் சுற்றி, சங்கிலியைப் பிடித்து இழுக்கச் சொல்வார். அந்தக் கையைக் கவ்வினால் மேஜருக்கு இறைச்சித் துண்டு. எங்கள் மூன்று பேரைத் தவிர யார் சங்கிலியைப் பிடித்தாலும் அந்தக் கை மிஞ்சாது என்கிற அளவுக்குப் பழகிவிட்டது. சங்கிலி எங்கள் கையில் இருந்தால் மட்டும் கைக்குழந்தைகூட அதன் காதைத் திருகலாம்.

அதனால்தான் எனக்குப் பயமே வரவில்லை. சங்கிலி ரெஜினா கையில்தானே இருக்கப்போகிறது! எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் அவள் மேஜரை ஓடவிட்டாள், நிற்கவைத்தாள், பல்லைக் காட்டவைத்தாள். சன்னாசியே நீதிபதி மாதிரி வந்து முதுகைத் தடவினான். மேஜர் அசையவில்லை.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத் திடலில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் லியோனார்டும்தான் போனோம். எங்கு பார்த்தாலும் நாய்க் குரைப்பு. கயிற்றுக்குள் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ரெஜினாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சீனப் பையன். எட்டு வயது இருக்கும். அவன் கையில் காது தொங்கும் சின்ன நாய். நீதிபதி சிங்கப்பூரிலிருந்து வந்தவர். நெட்டை ஆள், அந்த வெயிலிலும் கோட்டு.

"இங்கேருந்து நம்ம சத்தம் போடக்கூடாதுக்கா," என்றான் லியோனார்ட். "வெளியேருந்து யாராச்சும் சொல்லிக் குடுத்தா பிள்ளையை வெளியே அனுப்பிருவாங்க."

"நான் எதுக்குடா சத்தம் போடப்போறேன்?" என்றேன்.

நீதிபதி மேஜரின் வாயைத் திறந்து பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். அது கல்லாட்டம் நின்றது. ரெஜினா ஓடிவந்தாள், மேஜரும் அவள் காலோடு ஒட்டி ஓடி வந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அவர் மறுபடி நடுவில் வந்து நின்று என்னவோ சொன்னார். உடனே பிள்ளைகள் நாய்களோடு ஒருவரையொருவர் நெருங்கினார்கள்.

"என்னாடா சொல்றான்?"

"நாயை மாத்திக்கச் சொல்றான்க்கா. பக்கத்துப் பிள்ளையோட நாயைப் பிடிச்சு நடத்தணுமாம். பழகாத நாயை நடத்துனாதானே திறமை தெரியும்!"

அந்தக் கண்ணாடிப் பையன் தன் நாயை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையை மேஜரின் சங்கிலிக்காக நீட்டிக்கொண்டு நின்றான். சின்னக் கை. சன்னாசி கையில் சுற்றிய சாக்கு, அந்தச் சாக்கைத் தாண்டிப் போன பல் தடம் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தம்பி, போ! போய்ச் சொல்லு! அது கடிச்சிரும்டா!"

"எதுக்குக்கா கடிக்கப்போகுது? இப்பதான் வாயிலேயே கைய விட்டான்..."

"சங்கிலி கைமாறுனா கடிக்கும்டா! உன் மச்சான் அப்படித்தான் பழக்கி வச்சிருக்காரு!"

அவன் முகம் செத்துப்போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அத்தனை நாய்க் குரைப்பில் யாருக்குக் கேட்கும்? எங்கள் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு நாய் ஒரு பிள்ளையைக் கடித்தது. பொழுது சாய்வதற்குள் அதைச் சுட்டுப் போட்டுவிட்டார்கள். இங்கே பிள்ளை கையும் போகும், மேஜரும் போகும். ஏசுவே, ஏசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ரெஜினா சங்கிலியைக் கொடுக்கவில்லை. பையனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். நீதிபதி வந்து கேட்டார். அவள் "நோ சார்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிராணி கூப்பிட்டால்கூட எழுந்து நின்று கையைக் கட்டுகிற பிள்ளை! பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தோம்.

இன்னொரு தரமும் "நோ சார்" என்றாள். இங்கிலீஷில் "பைட்" என்பதும் கேட்டது. அந்த ஆள் சிரித்தான். வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தவனுக்கு அந்தப் பேச்சு எப்படி ஏறும்? நாயைக் கொடுக்க மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். கொடு என்று கையை நீட்டிக் குனிந்தான். நான் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினேன். புடவை காலைத் தடுக்கியது, விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்துதான் பார்த்தேன். அவன் விரல் சங்கிலியில் பட்டது. மேஜர் உறுமவில்லை, குரைக்கவில்லை, ஒரே பாய்ச்சல். அதற்குள் ரெஜினா தன் கையை நடுவில் கொடுத்துவிட்டாள்.

கடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. அவள் அலறவில்லை. "மேஜர், விடு," என்றாள், வீட்டில் சொல்கிற மாதிரியே. அது விட்டது. "உக்காரு," என்றாள். உட்கார்ந்தது. வாலைக் காலுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டது. அவள் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். சங்கிலி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

நீதிபதி முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஸாரி, ஸாரி" என்று கிட்ட வந்தான். "எட்டப் போடா! பிள்ளை தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சே, காது எங்க போச்சு உனக்கு?" என்று தமிழிலேயே விளாசினேன். அவனுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் ஒதுங்கி நின்றான். யாரோ துண்டு கொடுத்தார்கள். நாய் யாருடையது, யாரைக் கடித்தது என்று போட்டி நடத்துகிற ஒரு அம்மா வந்து கேட்டாள். ரெஜினா தானே பதில் சொன்னாள்: "என் நாய். என்னைத்தான் கடிச்சுச்சு." அந்த அம்மாவும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஒலிபெருக்கியில் ஜெயித்த பிள்ளைகளின் பெயரை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு லியோனார்டின் காரில் ஏறினோம். மேஜர் பின்சீட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் கிடந்தது.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? சங்கிலியைக் கீழ போட்டுட்டு ஓடவேண்டியதுதானே! யாரு கைய வேணும்னாலும் கடிச்சுட்டுப் போகட்டும், உன் கைய ஏண்டி குடுத்தே?"

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அந்தப் பையனைக் கடிச்சிருந்தா, அந்த சாரைக் கடிச்சிருந்தா மேஜரைச் சுட்டிருப்பாங்கம்மா. என்னைக் கடிச்சா யாரு கேக்கப் போறா?"

ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் கேப்பேண்டி," என்றேன். "நான் கேப்பேன்."

அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்காதவள் போல அவள் ஆச்சரியமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும்தான், கயிற்றோரம் நின்றபோது வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு வந்தது.