சீட் இல்லாத வண்டி

வாரம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஓய்வு நாளில் ஸ்டீயரிங்கைக் கண்டாலே அலுப்பாக இருக்கும் என்றுதான் அவள் கணவர் நினைத்திருந்தார். அவளோ தன்னைவிட வயதில் மூத்த ஒரு காரை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினாள். முன்னால் தனித்தனியாக இரண்டு சீட், பின்னால் சோபா மாதிரி நீளமாக ஒன்று. கணவர் கணக்கு வாத்தியார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது.

மழை பெய்தால் அவள் காலடியில் தண்ணீர் நின்றது. பிரேக் போட்டால் டிரைவர் சீட் லேசாக முன்னால் குதித்தது. ஒரு சனிக்கிழமை காலை, எல்லாச் சீட்டையும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று ஸ்பானர் பையோடு இறங்கினாள்.

"ஒர்க்‌ஷாப்ல விட்டா என்ன?" என்றார் கணவர்.

"அவங்களும் இதே ஸ்பானரதான் வச்சிருக்காங்க."

"கழட்டிடுவ. மாட்டறது?"

"கழட்டினவளுக்கு மாட்டத் தெரியாதா? சும்மா நிக்காம இந்த டப்பாவப் பிடிங்க. போல்ட்டெல்லாம் இதுல போடறேன், தொலைச்சிடாதீங்க."

சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் கழற்றினாள். கடைசி ஒன்று மட்டும் துருவேறி அசைய மறுத்தது. அதன் தலையில் எண்ணெய் விட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்து, ஸ்பானர் பிடியில் ஒரு நீளமான குழாயைச் செருகி அழுத்தினாள். 'கடக்' என்றது.

"ஒடைஞ்சிடுச்சா?"

"வழிக்கு வந்துடுச்சு."

பின் சீட்டுக்குப் போல்ட்டே கிடையாது. அடி விளிம்பை முழங்காலால் உள்ளே தள்ளித் தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபடும். அவள் தள்ள, அவர் இழுத்தார். சீட் வந்தது, அதைக் கட்டிப் பிடித்தபடி அவரும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தரை விரிப்பை உரித்தாள். அடியில் இருந்த சணல் மெத்தையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போனாள். 'டங், டங்' என்று வந்த சத்தம் டிரைவர் சீட் இருந்த இடத்தில் 'பொத்' என்று மாறியது. இன்னொரு முறை தட்டியதும் ஒரு தட்டு அளவுக்குத் துரு உதிர்ந்து விழுந்தது. ஓட்டை வழியாக முற்றத்துச் சிமெண்ட் தெரிந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு மேலயா இத்தன நாளா உக்காந்து ஓட்டின?" என்றார்.

"இப்பவாவது தெரிஞ்சுதே." வெல்டராக இருக்கும் கொழுந்தனுக்கு அவள் போன் செய்தாள். மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னான். வெல்டிங் மெஷினைக் கேட் வரைக்கும்தான் கொண்டுவர முடியும் என்பதால், காரைத் தெருவுக்கு ஏறும் சரிவின் அடியில், கேட்டுக்கு நேராகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஞாயிறு காலை கொழுந்தன் வருவதற்கு முன்பே மாடி வீட்டுத் தபால்காரரின் மனைவி படிக்கட்டில் ஓடி வந்தார்.

"அவருக்கு நெஞ்சு வலிக்குதாம். வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்கு." அப்புறம்தான் அந்த அம்மாவின் பார்வை காரின் மேல் விழுந்தது. கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது கார். பக்கவாட்டில் ஆள் நுழையலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது.

"தள்ளிடலாம், வா," என்றார் கணவர். உள்ளே தள்ளினால் படிக்கட்டுக்குப் போகும் வழி அடைபடும் என்பதால், இருவரும் மூச்சைப் பிடித்துத் தெருப் பக்கமாகத் தள்ளினார்கள். கார் சரிவில் ஒரு முழம் ஏறி, சாவகாசமாகத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஈ காக்கை இல்லை.

அவள் வீட்டுக்குள் போய் அலமாரிப் பலகை ஒன்றையும் சமையலறை ஸ்டூலையும் எடுத்து வந்தாள். ஓட்டையை மூடிப் பலகையைப் போட்டு, அதன் மேல் ஸ்டூலை வைத்தாள்.

"பின்னால ஏறுங்க."

"எதுல உக்கார்றது?"

"தரையிலதான். ஸ்டூல் காலக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. கிளட்ச்ச மிதிச்சா நான் பின்னால சாய்வேன், வண்டி கிளம்பினா முன்னால சாய்வேன். விட்டுடாதீங்க."

"எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

"எனக்கு இல்ல. ரெண்டு பேருக்கும் அது போதும்."

உட்கார்ந்ததும் ஸ்டீயரிங் தொடையில் இடித்தது. ஸ்டூலைக் கையளவு பின்னால் நகர்த்திக்கொண்டாள். கிளட்ச்சை மிதித்தபோது முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை; அடுத்த கணம் அவருடைய தோள் வந்து முட்டுக்கொடுத்தது. ரிவர்ஸ் விழுந்தது. கண்ணாடிகளை மாறி மாறிப் பார்த்தபடி, பேருந்தை டெப்போவுக்குள் நுழைக்கிற அதே நிதானத்தோடு கிளட்ச்சை விட்டாள். கார் உறுமிக்கொண்டு பின்பக்கமாகச் சரிவில் ஏறியது. ஸ்டூல் ஒரு பக்கம் தூக்க, அவர் அதை அமுக்கினார். பலகை முனகியது. தெருவுக்கு ஏறியதும் ஒடித்துத் திருப்பி, பக்கத்துச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நேராகப் படிக்கட்டு வரைக்கும் போனது. தபால்காரரை இறக்கி வந்தபோது முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த நிலையிலும் மனைவியிடம், "வீட்டப் பூட்டினியா?" என்று கேட்டார். அந்த அம்மா பூட்டவில்லை. "நான் பூட்டிக்கறேன், நீங்க ஏறுங்க," என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மாடிக்குப் போய்ப் பூட்டிவிட்டு வந்தபோது கணவர் இன்னும் காருக்குள்ளேயே ஸ்டூலைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விட்டுடலாங்க."

"கால் மரத்துப்போச்சு. எழுந்திருக்க முடியல."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து சேர்ந்தான். உள்ளே குனிந்து பார்த்தான். "ஏன் அண்ணி, சீட்டுக்குப் பதிலா அண்ணனையே மாட்டிட்டீங்களா?"

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவள் உள்ளே கையை நீட்டினாள். கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கொழுந்தன் துருப்பிடித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். சீட்டின் அடிச்சட்டத்தில் விட்டுப்போயிருந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, அவள் டார்ச்சோடு வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். கணவர் வெளியிலிருந்து முன்கண்ணாடி மேல் குழாயைத் திருப்பிவிட்டார். கண்ணாடி ரப்பரின் மூலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவள் நெற்றியிலேயே விழுந்தது. "கண்டுபிடிச்சாச்சு, போதும், நிறுத்துங்க," என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஊற்றினார்.

சில நாள் கழித்து, ரப்பரை மாற்றி, பெயிண்ட் காய்ந்து, சீட்டுகள் ஏறிய மாலையில் மாடி வீட்டு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், நேரத்தோடு கொண்டு வந்ததால் பிழைத்தார், நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றார்.

"டாக்சி பாக்காதீங்க. நாங்க வர்றோம்," என்றார் கணவர், அவளிடம் கேட்காமலேயே.

மறுநாள் தபால்காரர் பின் சீட்டில் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கையால் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஸ்டூல்ல உக்காந்து ஓட்டினியாமே? என்னம்மா நீ?"

"உங்க வாத்தியார் பின்னால பிடிச்சுக்கிட்டிருந்தாரு, அண்ணா."

"அவரா? பல்பு மாட்டவே என்னக் கூப்பிடுவாரு."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தபால்காரர் மனைவியின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மெதுவாகப் போ என்று கணவர் கையால் ஜாடை காட்டினார். அவள் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.